நாய் உணவு பாக்கெட்டில் பொய் எழுதக் கூடாது என்ற சட்டம் எப்படி வந்தது? ஹார்வி வைலியின் கதை

நாய் வளர்க்கும் வீடுகளில் அந்த பாக்கெட் கட்டாயம் இருக்கும். முன்பக்கத்தில் பளபளவென்று கோழி இறைச்சி, பச்சைப் பட்டாணி, கேரட் படங்கள். பின்பக்கத்தில் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில் மக்காச்சோளம், கோதுமை குளூட்டன், கோழி உபபொருள் மாவு, நிறமிகள், பதப்படுத்திகள். நாம் முன்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறோம். நாய் சாப்பிடுவது என்னவோ பின்பக்கத்தைத்தான்.

பாக்கெட்டின் மேலே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இன்றைக்குச் சாதாரண விஷயமாகத் தெரியலாம். ஆனால் அதைச் சட்டமாக்க, அமெரிக்காவில் ஒரு வேதியியலாளர் 20 ஆண்டுகளுக்கு மேல் அரசோடும் ஆலைகளோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவர் ஹார்வி வாஷிங்டன் வைலி. நாய்களுக்காகப் போராடியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அவருடைய சண்டையெல்லாம் மனிதர்களின் சாப்பாட்டுத் தட்டைப் பற்றியது. ஆனாலும் அவர் உழைத்துக் கொண்டுவந்த சட்டத்துக்குள் நாயின் தட்டும் வந்து சேர்ந்தது.

பண்ணை வீட்டிலிருந்து ஹார்வர்டுக்கு

1844 அக்டோபர் 18-ல் இண்டியானா மாநிலத்தின் கென்ட் என்ற சிற்றூரில், ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார் வைலி. அப்பா விவசாயி, கூடவே பிரசங்கியும் பள்ளி ஆசிரியரும்கூட. அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்த குடும்பம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1864-ல் படிப்பை நிறுத்திவிட்டு, அடிமை முறைக்கு எதிராக நின்ற வடக்குப் படையில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தார்.

1871-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஆனால் வைத்தியம் பார்க்கப் போகவில்லை. மனம் வேதியியலில் இருந்தது. ஹார்வர்டில் படித்துவிட்டு, 1874-ல் புதிதாகத் திறந்த பர்டூ பல்கலைக்கழகத்தின் முதல் வேதியியல் பேராசிரியர் ஆனார்.

அங்கே அவர் செய்த பெரிய குற்றம், சைக்கிள் ஓட்டியது! முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்குமே, அந்தக் கால சைக்கிள். முழங்கால் வரை உடை அணிந்து, அதில் ஏறி கல்லூரிக்கு வருவதும் மாணவர்களோடு பேஸ்பால் ஆடுவதும் பேராசிரியருக்கு அழகா என்று நிர்வாகக் குழு கூப்பிட்டுக் கண்டித்தது. வைலி ராஜினாமா செய்கிறேன் என்றார். அதையும் ஏற்கவில்லை. பிறகு பல்கலைக்கழகத் தலைவர் பதவி காலியானபோது, வயது குறைவு, கலகலப்பு அதிகம், கல்யாணமும் ஆகவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

தேன் விவகாரம்

1878-ல் ஜெர்மனி போனது அவர் வாழ்க்கையில் பெரிய திருப்பம். அங்கே உணவில் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வகங்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. சர்க்கரைக் கரைசலுக்குள் ஒளியைச் செலுத்தி, அது எந்த வகைச் சர்க்கரை என்று சொல்லும் போலாரிமீட்டரைப் பழகிக்கொண்டு ஊர் திரும்பினார்.

1881-ல் இண்டியானா சுகாதார வாரியம் கடைகளில் விற்கும் சிரப், சர்க்கரை, தேன் மாதிரிகளை அவரிடம் கொடுத்தது. பரிசோதித்தால், விலை உயர்ந்த சிரப் என்று விற்றவற்றில் பல, மக்காச்சோள மாவில் இருந்து எடுத்த மலிவான குளுக்கோஸ். இந்த இடத்தில் வைலியின் வாதத்தைக் கவனிக்க வேண்டும். குளுக்கோஸ் விஷம் என்று அவர் சொல்லவில்லை. குளுக்கோஸை குளுக்கோஸ் என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்கட்டும், தேன் என்று பெயர் போட்டு விற்கக் கூடாது என்பதுதான் அவர் பேச்சு. கடைசி வரை அவருடைய முதல் கோபம் ஏமாற்றின் மீதுதான். உடல்நலம் அதற்கு அடுத்ததாகத்தான் வந்தது.

இதற்கு நடுவே ஒரு வம்பும் இழுத்துவிட்டார். மெழுகில் தேனடை செய்து, அதில் குளுக்கோஸை ஊற்றி, தேனீயே இல்லாமல் தேன் விற்கிறார்கள் என்று ஒரு கட்டுரையில் எழுதினார். தேனீ வளர்ப்போர் கொதித்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, அது விளையாட்டாக எழுதியது என்று வைலியே சொல்ல வேண்டியதாயிற்று. உண்மையை எழுதச் சொல்லிப் போராடிய மனிதருக்கு இது அவசியமா என்று கேட்கத் தோன்றுகிறது.

1883-ல் வாஷிங்டனுக்குப் போய், வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் ஆனார். 1887-லிருந்து அவருடைய குழு கலப்படம் பற்றிய அறிக்கைகளை வரிசையாக வெளியிட்டது. மிளகுப் பொடியில் தேங்காய்ச் சிரட்டைத் தூள், பாலில் தண்ணீர், வெண்ணெய் என்ற பெயரில் வேறு கொழுப்பு. பால் கெடாமல் இருக்க ஃபார்மால்டிஹைடு கலப்பதும் அப்போது நடந்தது. 2018-ல் சென்னை மீன் சந்தைகளைக் கலக்கிய ஃபார்மலின் செய்தி நினைவிருக்கிறதா? அதே பொருள்தான். அன்றைக்கு அமெரிக்காவில் குழந்தைகள் குடிக்கும் பாலிலேயே கலந்துகொண்டிருந்தார்கள்.

அறிக்கைகள் வந்தன, அலமாரியில் தூங்கின. மசோதாக்களும் வருவதும் முடங்குவதுமாக இருந்தன.

அடித்தளத்தில் ஒரு சாப்பாட்டு மேசை

1902-ல் நாடாளுமன்றம் 5,000 டாலர் ஒதுக்கியது. உணவைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் ரசாயனங்கள் உடலை என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். வைலி எலிகளைத் தேடவில்லை. 12 இளைஞர்களைச் சேர்த்தார். பெரும்பாலும் துறையின் குமாஸ்தாக்கள்.

அலுவலகத்தின் அடித்தளத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை, நல்ல சமையல்காரர், மூன்று வேளையும் இலவசச் சாப்பாடு. நிபந்தனை ஒன்றுதான். வெளியே ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது. சாப்பாட்டுக்கு முன் எடை, நாடி, உடல் வெப்பம் எல்லாம் பதிவாகும். மலம், சிறுநீர் எல்லாம் சேகரிக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போகும். என்ன ஆனாலும் அரசு பொறுப்பில்லை என்று கையெழுத்தும் போட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

முதலில் போராக்ஸ், அதாவது வெண்காரம். கேரம் போர்டில் தூவுகிறோமே, அந்த போரிக் பவுடரின் நெருங்கிய சொந்தம். இறைச்சியும் வெண்ணெயும் கெடாமல் இருக்க அன்று தாராளமாகப் போட்டார்கள். வைலி அதை வெண்ணெயில் மறைத்து வைத்தார். பசங்க வெண்ணெயைத் தொடவே இல்லை. பாலுக்கு மாற்றினார், இறைச்சிக்கு மாற்றினார். எதில் வைத்தாலும் எப்படியோ அதை ஒதுக்கிவிடுகிறார்கள். கடைசியில் மாத்திரை உறையில் அடைத்து நேராகவே கொடுத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் தலைவலி, வயிற்று வலி, பசியின்மை. அடுத்தடுத்து சாலிசிலிக் அமிலம், சோடியம் பென்சோயேட், காய்களைப் பச்சையாகக் காட்டும் மயில்துத்தம், ஃபார்மால்டிஹைடு என்று சுமார் ஐந்தாண்டு சோதனைகள் தொடர்ந்தன. சிலருக்கு உடம்பு ரொம்ப மோசமானதால் பாதியில் நிறுத்த வேண்டியும் வந்தது.

பத்திரிகைகள் இதை மோப்பம் பிடித்தன. விஷப் படை என்று பெயர் வைத்தார்கள், நாடக மேடைகளில் பாட்டுக் கட்டினார்கள். வைலிக்கு முதலில் எரிச்சல். பிறகு இதுதான் விளம்பரம் என்று புரிந்துகொண்டார். இன்றைய அளவுகோலில் அது நல்ல அறிவியல் சோதனை இல்லை. ஆட்கள் குறைவு, தனி ஒப்பீட்டுக் குழு கிடையாது, நெறிமுறைக் குழுவும் ஒருபோதும் அனுமதிக்காது. ஆனால் அறிக்கைகள் செய்யாததை அந்த மேசை செய்தது. ஊரே சாப்பாட்டில் என்ன கலக்கிறார்கள் என்று பேச ஆரம்பித்தது.

1906: நாயும் உள்ளே வந்தது

பெண்கள் சங்கங்கள் ஊர் ஊராகக் கடிதப் போராட்டம் நடத்தின. 1906 தொடக்கத்தில், சிகாகோ இறைச்சிக் கூடங்களின் கோரத்தைச் சொல்லும் அப்டன் சின்க்ளேரின் தி ஜங்கிள் நாவல் வந்தது. அதற்குமேல் அரசியல்வாதிகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1906 ஜூன் 30-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இரண்டு சட்டங்களில் கையெழுத்துப் போட்டார். ஒன்று இறைச்சி ஆய்வுச் சட்டம். இன்னொன்று தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம். இரண்டாவதை மக்கள் வைலி சட்டம் என்றே அழைத்தார்கள்.

அந்தச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, உணவு என்றால் என்ன என்று விளக்குகிறது. மனிதர்கள் சாப்பிடுவது மட்டும் அல்ல, பிற விலங்குகள் சாப்பிடுவதும் உணவுதான் என்கிறது அந்த வரையறை. கால்நடைத் தீவனத்தில் உமியைக் கலந்து விற்ற காலம் அது. விவசாயிகளின் துறையில் இருந்து வந்த சட்டத்தில் தீவனம் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த வரியில் மாடும் குதிரையும் மட்டும் இல்லை, நாயும் உண்டு.

அப்போது நாய்க்கென்று கடை உணவு இருந்ததா? இருந்தது. 1860-களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் நாய் பிஸ்கட் விற்க ஆரம்பித்துவிட்டார். கோதுமை, பீட்ரூட், காய்கள், கூடவே மாட்டிறைச்சி என்று விளம்பரம். அந்த இறைச்சி மாட்டின் எந்தப் பாகம், எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் அவர் ரகசியமாகவே வைத்திருந்தார் என்பார்கள். நாய் உணவுத் தொழில் பிறந்தபோதே இந்தக் கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1906 சட்டம், எல்லாச் சேர்பொருள்களையும் பட்டியல் போடு என்று சொல்லவில்லை. பொய் எழுதாதே என்று மட்டும்தான் சொன்னது. எழுதாமலே விட்டால்? பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. பட்டியல் போட வேண்டும் என்ற விதி 1938-ல் வந்த புதிய சட்டத்தில்தான் இடம்பெற்றது. அந்தச் சட்டமும் விலங்கு உணவை விட்டுவிடவில்லை.

சாக்கரினால் வந்த சோதனை

சட்டம் வந்துவிட்டது, இனி எல்லாம் சுபம் என்று நினைத்தால், உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

1908-ல் வெள்ளை மாளிகையில் ஒரு கூட்டம். டின்னில் அடைத்த மக்காச்சோளத்தில் சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் போட்டு ஆயிரக்கணக்கான டாலர் மிச்சம் பிடித்ததாக ஓர் ஆலை முதலாளி பெருமையாகச் சொன்னார். வைலி குறுக்கிட்டார். வாங்குபவர் சர்க்கரை என்று நம்பி ஏமாறுகிறார், அது நிலக்கரித் தாரில் இருந்து வரும் பொருள், உடம்புக்கும் கெடுதல் என்றார். ரூஸ்வெல்ட்டின் முகம் மாறியது. அவருடைய டாக்டர் அவருக்குத் தினமும் கொடுப்பது அதே சாக்கரின்! அது கெடுதல் என்பவன் முட்டாள் என்கிற அர்த்தத்தில் அதிபர் சீறினார். கூட்டம் முடிந்தது. வைலியின் செல்வாக்கும் அதோடு சரிந்தது.

சாக்கரின் கெடுதல் என்று சொல்ல அன்றைக்கு அவரிடம் உறுதியான ஆதாரம் கிடையாது. ஏமாற்று என்ற முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் அவரை அசைத்திருக்க முடியாது. இரண்டாவது பாதிதான் கவிழ்த்தது.

ரூஸ்வெல்ட் உடனே, வைலிக்கு மேலே இருந்து தீர்ப்பு சொல்ல ஒரு நிபுணர் குழுவை அமைத்தார். தலைவர் ஐரா ரெம்சன். சாக்கரின் கண்டுபிடிக்கப்பட்டதே அவருடைய ஆய்வகத்தில்தான். சிறு அளவு பென்சோயேட் ஆபத்தில்லை என்று அந்தக் குழு சொன்னது. வைலி ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தப் பதப்படுத்தி இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து கோகோ கோலா. அதில் சேர்த்த காஃபீன் தீங்கானது என்று 1909-ல் 40 பீப்பாய்களும் 20 சிறு பீப்பாய்களும் பறிமுதல் ஆயின. 1911-ல் நடந்த வழக்கில் அரசு தோற்றது. 1916-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. கடைசியில் கம்பெனி காஃபீனைக் குறைத்து சமரசமாகப் போனது. ஆனால் அதற்குள் வைலி அலுவலகத்திலேயே இல்லை.

1911-ல் ஒரு நிபுணருக்கு விதிமீறிச் சம்பளம் கொடுத்தார் என்று அவர் மீது புகார் கிளம்பியது. விசாரணையில் அவர் பக்கம் தப்பில்லை என்று ஆனது. அதிபர் டாஃப்டும் அவரை நீக்கவில்லை. ஆனால் மேலதிகாரிகளோடு தினம் தினம் முட்டிக்கொண்டு வேலை பார்த்து அலுத்துப்போய், 1912 மார்ச்சில் 29 ஆண்டு வேலையை விட்டு வெளியே வந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருக்குக் கல்யாணம். வயது 66. மணப்பெண் ஆன்னா கெல்டனுக்கு 33. பத்து ஆண்டுக்கு முன்பே காதலைச் சொல்லி, அது கைகூடாமல் போனது. ஆன்னா பெண்களின் ஓட்டுரிமைக்காக 1917-ல் வெள்ளை மாளிகை முன் மறியல் செய்து கைதானவர். வீட்டில் இரண்டு பேரும் அரசோடு மோதியவர்கள்.

வேலையை விட்ட வைலி சும்மா இருக்கவில்லை. குட் ஹவுஸ்கீப்பிங் பத்திரிகையின் ஆய்வகப் பொறுப்பை ஏற்று, சோதித்து ஏற்ற பொருள்களுக்கு மட்டும் முத்திரை கொடுத்தார். 1929-ல், தன் சட்டத்தை அதிகாரிகளே எப்படி முடமாக்கினார்கள் என்று பெயர் சொல்லித் திட்டி ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டு ஜூன் 30-ல் காலமானார். சட்டம் கையெழுத்தாகி அன்றோடு சரியாக 24 ஆண்டுகள். அவர் நடத்திய துறைதான் வளர்ந்து மாறி, அதே 1930-ல் எஃப்டிஏ என்ற பெயரைப் பெற்றது.

இப்போது பாக்கெட்டைத் திருப்புங்கள்

வைலி சேர்ந்து நிறுவிய இன்னோர் அமைப்பும் உண்டு. 1884-ல் தொடங்கிய வேளாண் வேதியியலாளர் சங்கம். உரத்தில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்பது போன்ற சோதனைகளை எல்லா ஆய்வகங்களும் ஒரே முறையில் செய்ய வேண்டும் என்பதற்காக உருவானது. நாய் உணவு பாக்கெட்டில் கச்சா புரதம் இத்தனை சதவீதம் என்று போடுகிறார்களே, வழக்கமாக அதையும் நைட்ரஜனை அளந்துதான் கணக்கிடுகிறார்கள். நைட்ரஜன் அளவை 6.25-ஆல் பெருக்கினால் புரதம்.

இதில் இருக்கும் ஓட்டை 2007-ல் வெளியே வந்தது. சீனாவிலிருந்து கோதுமை குளூட்டன் என்ற பெயரில் வந்த மாவில் மெலமைன் கலந்திருந்தது. மெலமைன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் புரதம் எக்கச்சக்கமாகக் காட்டும், ஆனால் ஒரு துளி புரதம் இருக்காது. அந்த மாவில் செய்த உணவைச் சாப்பிட்ட நாய், பூனைகளின் சிறுநீரகம் செயலிழந்தது. அமெரிக்காவில் 6 கோடிக்கும் மேற்பட்ட டின்களும் பைகளும் திரும்பப் பெறப்பட்டன. ஆயிரக்கணக்கான விலங்குகள் இறந்ததாக உரிமையாளர்களிடமிருந்து புகார்கள் குவிந்தன. அடுத்த ஆண்டே அதே மெலமைன் சீனாவில் குழந்தைப் பாலில் வந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். நாய்த் தட்டில் வந்தது ஒரு முன்னறிவிப்பாக இருந்தும் யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை.

இது மோசடி. இன்னொரு வகை இருக்கிறது, அது முழுக்கச் சட்டப்படி நடப்பது. அமெரிக்க விதியில், டின் உணவின் பெயரிலேயே நாய்க்கான கோழி உணவு என்று இருந்தால், சேர்க்கும் தண்ணீர் போக 95 சதவீதம் கோழி வேண்டும். பெயரோடு டின்னர் என்ற சொல் ஒட்டிக்கொண்டால் 25 சதவீதம் போதும். கோழியுடன் என்று போட்டால் 3 சதவீதம். கோழிச் சுவை என்றால், சுவை தெரிந்தால் சரி, அளவே கிடையாது. அதே கோழிப் படம்தான் நாலு டின்னிலும் சிரிக்கும்.

பட்டியலில் முதலில் வருவது எடையில் அதிகம் உள்ள பொருள். ஆனால் பச்சைக் கோழியில் கிட்டத்தட்ட 70 சதவீதம் தண்ணீர். அது வற்றிய பிறகு அடுத்து இருக்கும் மக்காச்சோளம்தான் முந்தும். சோளத்தையே மாவு, குளூட்டன், தவிடு என்று மூன்றாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பாருங்கள், சில பாக்கெட்டுகளில் அதுதான் முதலிடம்.

உபபொருள் என்றதும் பதற வேண்டாம். ஈரல், நுரையீரல், மண்ணீரல், சுத்தம் செய்த குடல் எல்லாம் அதில் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பு வைக்கும் ஊரில் இதைப் பார்த்து முகம் சுளிக்கக் காரணம் இல்லை. எந்த விலங்கு என்று பெயர் சொல்லாமல் வெறும் இறைச்சி மாவு என்று போட்டிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இந்தியாவில் என்ன நிலை? நம் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் வந்தது 2006-ல், வைலி சட்டத்துக்குச் சரியாக 100 ஆண்டுகள் கழித்து. அதிலும் உணவு என்றால் என்ன என்று ஒரு வரையறை இருக்கிறது. மனிதர்கள் உட்கொள்வது மட்டுமே உணவு, விலங்குத் தீவனம் அதில் சேராது என்கிறது அது. ஆகவே பிஸ்கட் பாக்கெட்டில் தேடுவது போல, நாய் உணவு பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணைத் தேடிப் பயனில்லை. பின்பக்கத்தில் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணும் மின்னஞ்சலும் இருக்கும். இது முழு நேர உணவா அல்லது நொறுக்குத்தீனி மட்டும்தானா, இறைச்சி மாவில் இருப்பது எந்த விலங்கு, உற்பத்தி எந்த ஊரில் என்று அதில் எழுதிக் கேட்கலாம். பதில் வந்தால், அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டலாம்.